லட்சத்தீவுல இருந்து ரீயூனியன் வரைக்கும் ஒரே மலைவரிசை, அதையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட மாணவர் பக்கத்துல எரிமலை பத்தி வந்த கட்டுரையை எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் படிச்சோம். படம் நல்லா இருந்துச்சு, பசிபிக்கை சுத்தி இருக்கிற நெருப்பு வளையம், ஜப்பான், இந்தோனேசியா, சிலி எல்லாமே சரியாத்தான் போட்டிருந்தீங்க. ஆனா நடுவுல ஒரு வரி, எரிமலைகள் புவித்தட்டுகளின் ஓரங்களில் மட்டுமே தோன்றுகின்றனன்னு. தட்டுன்னா பூமியோட மேல் ஓடு உடைஞ்சு கிடக்கிற பெரிய பெரிய துண்டு. அந்த வரி தப்புங்க. பசங்க அதை அப்படியே மனப்பாடம் பண்ணிடுவாங்க, பரீட்சையில எழுதுவாங்க, நான் மார்க் குறைச்சா பேப்பர்லயே வந்துச்சே சார்னு கேப்பாங்க, அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். இடம் பத்தலைன்னா சுருக்கிக்கோங்க, விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க.

ஹவாயை எடுத்துக்கோங்க. பசிபிக் தட்டுக்கு நட்டநடுவுல இருக்கு, அங்கிருந்து தட்டோட ஓரத்துக்குப் போகணும்னா 3000 கிலோமீட்டருக்கு மேல போகணும். ஓரமும் இல்ல, ரெண்டு தட்டு முட்டிக்கிறதும் இல்ல, ஆனா கிலாவேயா எரிமலை விட்டு விட்டு லாவா கக்கிட்டேதான் இருக்கு. இதைத்தான் ஹாட்ஸ்பாட்னு சொல்றாங்க.

ஹவாய் கதையாவது டிவியில அடிக்கடி காட்டுறாங்க. என் ஆதங்கம் நம்ம கடலைப் பத்தினது. கொஞ்சம் பழைய பேப்பரை எடுத்து வச்சுப் பாருங்க. 2024 ஜனவரியில பிரதமர் லட்சத்தீவு போனாரு, அதை ஒட்டி மாலத்தீவோட பெரிய சண்டையே வந்துச்சு, பக்கம் பக்கமா போட்டீங்க. 2025 மே மாசம் சாகோஸ் தீவுகளை மொரிஷியஸ்கிட்ட கொடுக்கிறதுக்கு பிரிட்டன் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுச்சு, டியேகோ கார்சியா ராணுவ தளம் என்னாகும்னு தலையங்கமே எழுதுனீங்க. மொரிஷியஸ்னா முதலீடு, அதுக்குப் பக்கத்துல இருக்கிற ரீயூனியன் தீவுல எரிமலை வெடிச்சா கடைசிப் பக்கத்துல ஒரு சின்ன பாக்ஸ். அஞ்சும் அஞ்சு செய்தி. ஆனா இந்த அஞ்சு இடமும் பூமிக்கு அடியில ஒரே இடத்துல இருந்து வந்த சூட்டுல உருவான ஒரே மலைவரிசை, பெரும்பாலும் தண்ணிக்கு அடியில முங்கிக் கிடக்கு, அங்கங்க தலை மட்டும் வெளிய தெரியுது, இதை எந்தத் தமிழ்ப் பேப்பரும் ஒரு வரியா கூட சேர்த்துச் சொல்லி நான் பார்த்ததில்ல.

எப்படி உருவாகுதுன்னு சொல்றேன். நம்ம காலுக்கு அடியில ஓடு இருக்கு, அதுக்குக் கீழ மேன்டில்னு ஒரு பெரிய அடுக்கு, சுமார் 2900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும். நிறைய பேர் மேன்டில்னா உருகின குழம்புன்னு நினைச்சுக்கிறாங்க, பாடப்புத்தகப் படத்துல சிவப்பா போடுறதால வர்ற வினை அது. மேன்டில் பாறைதான், கெட்டியான பாறை, ஆனா அந்த சூட்டுல லட்சக்கணக்கான வருஷத்துல மெதுவா நகரும். சில இடத்துல ஆழத்துல இருந்து மத்த இடத்தை விட நூறு இருநூறு டிகிரி சூடு அதிகமான பாறை மேல ஏறி வரும். ஏறும்போதும் அது பாறைதான். ஆனா மேல வர வர அழுத்தம் குறையுது பாருங்க, அழுத்தம் குறைஞ்சா பாறை உருகுற சூடும் குறைஞ்சிடும், அதனால தட்டோட அடிப்பக்கம் கிட்ட வந்ததும் புதுசா சூடு ஏத்தாமலே அதுல ஒரு பங்கு உருகிடும். அந்த உருகினதுதான் மேக்மா, அது கனம் கம்மி, விரிசல் வழியா மேல ஏறி கடல் தரையை உடைச்சுக்கிட்டு வெளிய வருது.

இப்ப முக்கியமான விஷயம். அந்த சூடு ஏறி வர்ற இடம் கீழ ஏறக்குறைய அங்கேயே நிக்குது, மேல இருக்கிற தட்டு மட்டும் நகர்ந்துட்டே இருக்கு. வீட்டுல தையல் மிஷின் ஓட்டுறதைப் பார்த்திருப்பீங்க, ஊசி ஒரே இடத்துலதான் ஏறி இறங்குது, துணி நகர நகர தையல் வரிசையா விழுது, துணியைத் திருப்பினா தையலும் திரும்பிடும். என் கிளாஸ்ல இதைச் சொன்னா யாருக்கும் ரெண்டாவது தடவை சொல்ல வேண்டி வர்றதில்ல. தட்டு நகரும்போது பழைய எரிமலை ஹாட்ஸ்பாட்டை விட்டு விலகிப் போயிடும், கீழ இருந்து சரக்கு வராது, அணைஞ்சிடும், பின்னாடி புதுசா ஒண்ணு முளைக்கும். அதனாலதான் வரிசையில ஒரு முனையில இருக்கிறது உயிரோட இருக்கும், அங்கிருந்து தள்ளிப் போகப் போக வயசு ஏறிட்டே போகும்.

ஒரே ஒரு மலையோட ஆயுசை மட்டும் பார்த்தாலே ஆச்சரியமா இருக்கும். நாலஞ்சு கிலோமீட்டர் ஆழத்துல, இருட்டுல, ஐஸ் தண்ணி அளவு குளிர்ல லாவா வெளிய வருது. தண்ணி பட்டதும் மேல்தோல் அந்த நொடியே கறுப்புக் கண்ணாடியா உறைஞ்சிடும், உள்ள இன்னும் சூடா திரவமா இருக்கும், அழுத்தம் தாங்காம தோல் வெடிச்சு பக்கத்துல இன்னொரு உருண்டை பிதுங்கும், அதுவும் உறையும், அப்படியே உருண்டை மேல உருண்டையா குவிஞ்சு குவிஞ்சுதான் மலை எழும்புது. தலையணை லாவான்னு பேரு. எரிமலைத் தீவோட அடிவாரத்தை குடைஞ்சா இந்த உருண்டைகள்தான் வரும். ஹவாய்ல பெரிய தீவுக்கு தென்கிழக்க இப்ப ஒண்ணு வளர்ந்துட்டு இருக்கு, முன்னாடி லோய்ஹின்னு சொல்லுவாங்க, 2021ல காமஏஹுஅகனலோஅன்னு பேர் மாத்திட்டாங்க, உச்சி கடல் மட்டத்துக்கு கீழ இன்னும் சுமார் 975 மீட்டர்ல இருக்கு. தலை காட்ட இன்னும் பல ஆயிரம் வருஷம் ஆகும்.

தலை காட்டினதுக்கு அப்புறம்தான் நாம அதை தீவுன்னு கண்டுக்கிறோம். ஹவாயோட மவுனா கியா எரிமலையை கடல் தரையில இருந்து அளந்தா 10 கிலோமீட்டருக்கு மேல, எவரெஸ்ட்டை விட ஒசரம், நமக்குத் தெரியிறது 4205 மீட்டர்தான். இவ்ளோ கனத்தைத் தூக்கி ஒரு இடத்துல வச்சா தட்டு வளையாம என்ன செய்யும்? ஹவாய் பெரிய தீவு வருஷத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் இப்பவே கீழ இறங்கிட்டு இருக்கு. எரிமலை அணைஞ்சதுக்கு அப்புறம் வளர்ச்சி நின்னு போச்சு, இறக்கம் மட்டும் நிக்காது, தட்டும் குளிர்ந்து கனத்து தாழ்ந்துட்டே போகும், மேல மழையும் ஆறும் அரிச்சுட்டே இருக்கும். வெப்பக் கடலா இருந்தா சுத்தி பவளப்பாறை வளரும், தீவு இறங்க இறங்க பவளம் மேல மேல கட்டிக்கிட்டே வரும், கடைசில மலை முழுசா முங்கிடும், பவள வளையம் மட்டும் மிஞ்சும். இதை டார்வின் 1842லயே எழுதிட்டாரு. அப்ப நிறைய பேர் நம்பல. 1952ல பசிபிக்ல எனிவெடாக் பவளத்தீவுல துளை போட்டாங்க, 1200 மீட்டருக்கும் மேல பவளச் சுண்ணாம்பு, அதுக்கும் கீழதான் எரிமலைப் பாறை வந்துச்சு. நூத்திப்பத்து வருஷம் கழிச்சு அவர் சொன்னது நிரூபணம் ஆச்சு.

பவளம் வளர முடியாத குளிர் தண்ணிக்குப் போயிட்டா கதையே வேற. அலை உச்சியை சீவி மட்டமாக்கிடும், அப்படியே முங்கிப் போயி தட்டை உச்சியோட ஆழத்துல நிக்கும். ரெண்டாம் உலகப் போர் நேரத்துல ஹாரி ஹெஸ்ஸுன்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் கடற்படைக் கப்பல்ல அதிகாரியா இருந்தாரு, போருக்குப் போற வழியெல்லாம் ஆழம் பாக்கிற எக்கோ சவுண்டரை அணைக்காமலே ஓட்டி, இந்த மாதிரி தட்டை உச்சி மலைகளை நிறைய கண்டுபிடிச்சு 1946ல வெளியிட்டாரு. அந்த ஆள் மேல எனக்கு பெரிய மரியாதை, போர்க்களத்துக்கு நடுவுல கடல் தரையைப் படிக்கணும்னு தோணுனதே பெருசு.

சரி நம்ம வரிசைக்கு வர்றேன். சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியா இப்ப இருக்கிற இடத்துல இல்ல, பூமத்திய ரேகைக்கு தெற்க இருந்துச்சு, வடக்க பார்த்து வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல ஓடிட்டு இருந்துச்சு, இப்ப நாம போறது 5 சென்டிமீட்டர் அளவுதான். அப்ப அதோட மேற்குப் பகுதி இப்ப ரீயூனியன் தீவுக்கு அடியில இருக்கிற ஹாட்ஸ்பாட் மேல வந்துச்சு. வந்ததும் கொட்டுன லாவாதான் தக்காண பீடபூமியோட எரிமலைப் பாறை. இன்னைக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவிக் கிடக்கு, மகாராஷ்டிரா பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையில கனம் 2 கிலோமீட்டரைத் தாண்டும். மும்பையில இருந்து புனே போற ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து பாருங்க, காட் செக்‌ஷன்ல மலை படிக்கட்டு படிக்கட்டா தெரியும், ஒவ்வொரு படியும் ஒவ்வொரு லாவா ஓட்டம்.

இந்தியா வடக்க போயிட்டே இருக்கு, ஹாட்ஸ்பாட் பின்னாடி தங்கிடுச்சு, அதுக்கு மேல வந்த கடல் தரையில வரிசையா மலை எழும்பிட்டே வந்துச்சு. அதுதான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ். மொத்தமா சுமார் 2500 கிலோமீட்டர் நீளம் கடலுக்கு அடியில ஒரே மேடு. லட்சத்தீவோட தலைநகர் கவரத்தியோ மாலத்தீவோட தலைநகர் மாலேயோ அந்த மேட்டு மேல பவளம் கட்டுன மாடிதான். மாலத்தீவுல எண்ணெய் தேடி துளை போட்டப்ப 2 கிலோமீட்டருக்கும் மேல சுண்ணாம்பைத் தாண்டித்தான் எரிமலைப் பாறையைத் தொட்டாங்க, அவ்ளோ தூரம் மலை கீழ இறங்கிடுச்சு, அவ்ளோ தூரம் பவளம் விடாம மேல கட்டியிருக்கு.

இதெல்லாம் யூகம்னு யாரும் நினைக்க வேண்டாம். 1987ல ஜாய்டிஸ் ரெசல்யூஷன்னு ஒரு துளையிடும் கப்பல் மொரிஷியஸ்ல கிளம்பி வரிசையா கடல் தரையில துளை போட்டுட்டே கொழும்புக்கு வந்து சேர்ந்துச்சு. எடுத்த பாறைக்கு வயசு பார்த்தாங்க. மாலத்தீவு கிட்ட சுமார் 5.7 கோடி வருஷம், சாகோஸுக்கு வடக்க சுமார் 4.9 கோடி, அங்கிருந்து தென்மேற்க, கடலுக்கு அடியில இருக்கிற நசரேத் திட்டுகிட்ட சுமார் 3.3 கோடி. மொரிஷியஸ் தீவுல பழைய பாறை 80, 90 லட்சம் வருஷம். ரீயூனியன் கடலுக்கு மேல வந்தே ஏதோ 20 லட்சம் வருஷம்தான் இருக்கும், அங்க இன்னும் எரிஞ்சுட்டு இருக்கு. 6.6, 5.7, 4.9, 3.3, அப்புறம் லட்சக்கணக்கு. போர்டுல இந்த எண்களை மட்டும் எழுதிட்டு பக்கத்துல மேப்பை மாட்டினா போதும், பசங்களே நாடு எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லிடுவாங்க.

வயசு எப்படி பாக்கிறாங்கன்னு கட்டாயம் ஒரு பையன் கேப்பான். பாறையில பொட்டாசியம் இருக்கும், அதுல பொட்டாசியம்-40ங்கிற வகை மெதுவா சிதைஞ்சு அதுல ஒரு பங்கு ஆர்கான் வாயுவா மாறும், பாதி சிதைய 125 கோடி வருஷம் ஆகும். லாவா உருகி ஓடும்போது பழைய ஆர்கான் எல்லாம் வெளிய போயிடும், உறைஞ்சதுக்கு அப்புறம் உருவாகிற ஆர்கான் உள்ளயே மாட்டிக்கும். எவ்ளோ மாட்டிருக்குன்னு அளந்தா உறைஞ்ச நாள் தெரிஞ்சிடும். கடல் தண்ணி ஊறின பாறையில கணக்கு கொஞ்சம் குழம்பும், அதுக்கு இன்னும் துல்லியமான ஆர்கான்-ஆர்கான் முறை வந்திருக்கு.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு, அதை மறைச்சு எழுதக்கூடாது. சாகோஸ் ஒரு பக்கம், மொரிஷியஸ் ஒரு பக்கம், நடுவுல வரிசை அறுந்து கிடக்கும். காரணம் நடுவுல இந்தியப் பெருங்கடல் நடுமேடு ஓடுது, அங்கதான் தரை பிளந்து புதுசா உருவாகி ரெண்டு பக்கமும் விலகுது. அந்த மேடு ஒரு காலத்துல ஹாட்ஸ்பாட்டைத் தாண்டிப் போச்சு, அதுக்கு முன்னாடி ஹாட்ஸ்பாட் இந்தியத் தட்டுல மலை போட்டுச்சு, அதுக்கு அப்புறம் ஆப்பிரிக்கத் தட்டுல போட ஆரம்பிச்சிடுச்சு. ஒரு காலத்துல சேர்ந்திருந்த மலைகள் அதுக்கப்புறம் எதிரெதிர்ப் பக்கமா விலகிப் போயிட்டே இருக்கு. சாகோஸ் பெருந்திட்டு பரப்புல உலகத்துலயே பெரிய பவளத்திட்டு, ஆனா நிலமா வெளிய தெரியிறது சில சதுர கிலோமீட்டர்தான், மத்ததெல்லாம் தண்ணிக்குள்ள. அந்தப் பக்கம் சாயா டி மால்யான்னு ஒரு திட்டு, பல ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு கடல்புல் வளர்ந்து கிடக்கு, நிலமே இல்ல, நடுக்கடல்ல பச்சை வயல்.

இந்த யோசனை யாருக்கு முதல்ல தோணுச்சுன்னு கேட்டா, பாதி யோசனை ஹவாய் மக்களுக்கே இருந்துச்சுன்னு சொல்லணும். அவங்க பீலேங்கிற எரிமலை அம்மன் வடமேற்குத் தீவுல இருந்து ஒவ்வொரு தீவா இடம் மாறி கடைசில பெரிய தீவுல குடியேறினாங்கன்னு சொல்லுவாங்க. 1840ல போன ஜேம்ஸ் டானாங்கிற அமெரிக்கர் வடமேற்க போகப் போக தீவுகள் ரொம்ப அரிச்சுப் போயிருக்கறதைப் பார்த்து வயசு அந்தத் திசையில ஏறுதுன்னு சொன்னாரு. ஏன்னு சொன்னது 1963ல, கனடாவோட டூசோ வில்சன். முக்கியமான ஒரு ஜர்னல் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுச்சு, அப்புறம் கனடாவோட இயற்பியல் ஜர்னல்ல வந்துச்சு. அந்த சூடு மேன்டிலோட அடி ஆழத்துல இருந்து வருதுன்னு 1971ல ஜேசன் மார்கன் சொன்னாரு.

ஹவாய் வரிசை மொத்தம் சுமார் 6000 கிலோமீட்டர், 80க்கும் மேல மலைகள். காவாய் தீவு சுமார் 50 லட்சம் வருஷம், மிட்வே சுமார் 2.8 கோடி, அதைத் தாண்டினதும் வரிசை சட்டுன்னு வடக்க திரும்பி ரஷ்யாவோட கம்சட்கா பக்கம் போகுது, அந்தத் துண்டுக்கு ஜப்பான் பேரரசர்கள் பேரு. அந்தத் திருப்பத்தோட வயசு சுமார் 4.7 கோடி. தட்டு அப்ப திசை மாறிச்சுன்னுதான் ரொம்ப நாளா எல்லாரும் சொல்லிக்கொடுத்தோம். 2001ல போயி அங்க துளை போட்டாங்க. லாவா உறையும்போது அதுக்குள்ள இருக்கிற இரும்புத் துகள்கள் அன்னைக்கு இருந்த பூமியோட காந்தப் புலத்தை அப்படியே பிடிச்சு வச்சுக்கும், அதோட சாய்வைப் பார்த்தா அந்த லாவா எந்த அட்சரேகையில உறைஞ்சதுன்னு சொல்லிடலாம். ஹாட்ஸ்பாட் நகரவே இல்லைன்னா எல்லாமே ஹவாய் இருக்கிற 19 டிகிரி கிட்ட காட்டணும். வடகோடிக்குப் பக்கத்துல இருக்கிற டெட்ராய்ட் கடல்மலை 30 டிகிரிக்கும் மேல காட்டுச்சு. அப்ப ஹாட்ஸ்பாட்டும் அந்தக் காலத்துல தெற்க பார்த்து நகர்ந்திருக்கு. ஊசியும் கொஞ்சம் இடம் மாறும்னு இப்ப நான் சேர்த்துச் சொல்றேன். இந்த மாதிரி கண்டுபிடிப்பைத்தான் பசங்களுக்குச் சொல்லணும், விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கிறது கண்ணு முன்னாடி தெரியும்.

ஆழத்துல இருந்து சூடு வருதா, அதெல்லாம் இல்லையான்னு சண்டை போட்டவங்களும் உண்டு. அதுக்காகத்தான் 2012, 2013ல ஜெர்மனியும் பிரான்ஸும் சேர்ந்து ரீயூனியனை சுத்தி கடல் தரையில 57 நில அதிர்வுக் கருவிகளை இறக்கி வச்சாங்க. உலகத்துல எங்க நிலநடுக்கம் வந்தாலும் அதோட அலை சூடான பாறை வழியா போகும்போது மெதுவாயிடும், அதை வச்சு உள்ள இருக்கிறதை படம் எடுக்கலாம். 2021ல முடிவு வெளியாச்சு, சூடு மேன்டிலோட அடி வரைக்கும் போகுது, ஆனா ஒரே நேர்க்குழாயா இல்ல, கிளை விட்டுப் பிரிஞ்சு வருதுன்னு சொன்னாங்க.

ரீயூனியன்னா நமக்கு அந்நியம் இல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுல கரும்புத் தோட்ட வேலைக்கு நம்ம ஆளுங்களைக் கப்பல் ஏத்திக் கொண்டு போனாங்க, அவங்க வம்சம் இன்னும் அங்க இருக்கு, கோயில் இருக்கு, தீமிதி நடக்குது. மொரிஷியஸ் ரூபாய் நோட்டுல தமிழ்ல எழுதியிருக்கும். அந்தத் தீவுல பிதோன் த லா ஃபுர்னேஸ்னு எரிமலை, 2632 மீட்டர், உலகத்துலயே அடிக்கடி வெடிக்கிறதுல ஒண்ணு. 1977 ஏப்ரல்ல லாவா ஒரு கடலோர கிராமத்துக்குள்ள இறங்கிடுச்சு, வீடுகளை எரிச்சுட்டு வந்து மாதா கோயிலை ரெண்டு பக்கமும் சுத்திக்கிட்டு, வாசல் கதவு வழியா கொஞ்சம் உள்ள நுழைஞ்சு அதோட நின்னுடுச்சு. கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகல, ஜனங்க முன்னாடியே வெளியேறிட்டாங்க. இன்னைக்கும் கறுப்புப் பாறை சுவரை ஒட்டிக் கிடக்கு, நடுவுல கோயில். 2007 ஏப்ரல்ல இன்னும் பெருசு, உச்சியில இருந்த பள்ளம் 300 மீட்டருக்கு மேல அப்படியே உள்ள விழுந்துச்சு, லாவா கடல்ல போயி விழுந்து தீவுக்கு புதுசா நிலம் சேர்ந்துச்சு. நம்ம ஆளுங்க வாழ்ற தீவு, தக்காணத்தை உண்டாக்கின அதே நெருப்பு, இதுக்கு ஒரு பாக்ஸ் செய்தி பத்துமா சொல்லுங்க.

வங்காள விரிகுடா பக்கமும் இருக்கு. சென்னையில இருந்து நேர் கிழக்க ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம் போனா 90 டிகிரி கிழக்கு மேடு, கிட்டத்தட்ட வடக்கு தெற்கா கோடு போட்டு வச்சிருக்கு, சுமார் 5000 கிலோமீட்டர் நீளம். வடக்குப் பகுதி கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு வந்து கொட்டுன வண்டல்ல புதைஞ்சே போச்சு. இதைப் போட்டது கெர்கலன் ஹாட்ஸ்பாட், ஜார்கண்ட்ல ராஜ்மகால் குன்றுகளோட எரிமலைப் பாறையும் அதோட சம்பந்தப்பட்டதுதான், சுமார் 11.7 கோடி வருஷம். இப்ப அது தெற்க அன்டார்டிகா பக்கம் ஹியர்டு தீவுல பனிக்கு நடுவுல எரியுது. வங்கக்கடலை ஒட்டின அந்தமான் கடல்லதான் பாரன் தீவு எரிமலை இருக்கு, அது ஹாட்ஸ்பாட் இல்ல, தட்டு தட்டுக்கு அடியில போறதால வர்றது. பக்கத்துப் பக்கத்துலயே ரெண்டு வகை, நீங்க கட்டுரையில பாரன் தீவை மட்டும் போட்டீங்க.

இன்னொண்ணு அவசரமானது. 2024 ஜனவரியில இலங்கைக்கு தெற்க இருக்கிற அஃபனாசி நிகிதின் கடல்மலையில கோபால்ட் தேடுறதுக்கு இந்தியா சர்வதேச கடல்தரை ஆணையத்துகிட்ட விண்ணப்பம் போட்டுச்சு, இலங்கையும் அந்தப் பகுதி எனக்குன்னு சொல்லுது. எல்லாப் பேப்பரும் பேட்டரி, கோபால்ட், சீனா, இலங்கைன்னு எழுதுச்சு. அது என்ன மலை, ஏன் நடுக்கடல்ல நிக்குதுன்னு ஒருத்தரும் எழுதல. தரையில இருந்து 3 கிலோமீட்டருக்கு மேல எழும்பி நிக்கிற பழைய எரிமலை அது, 85 டிகிரி கிழக்கு மேடுன்னு வண்டலுக்கு அடியில புதைஞ்ச இன்னொரு வரிசையோட தென்கோடின்னு பல விஞ்ஞானிகள் சொல்றாங்க, எந்த ஹாட்ஸ்பாட்டுன்னு இன்னும் வாதம் முடியல. அந்த மலை மேல கோபால்ட் படிஞ்சிருக்கிற மேலோடு பத்து லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும். சுரண்டி எடுத்தா திரும்பி வளர்றதுக்கு மனுஷ இனமே இருக்குமான்னு தெரியாது. எடுக்கணுமா வேண்டாமாங்கிறது பெரிய விவாதம், ஆனா இந்த ஒரு தகவல் இல்லாம அந்த விவாதத்தை வாசகர் எப்படிப் புரிஞ்சுக்குவாரு?

மீனவங்களுக்கு இந்த மேடுகளோட அருமை தெரியும். ஆழத்து நீரோட்டம் மலையில மோதி சத்தோட மேல வரும், சூரை மீன் கூடும். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து ஆளுங்க விசைப்படகுல வாரக்கணக்கா போயி சாகோஸ் வரைக்கும் தூண்டில் போடுறாங்க, அங்க பிடிபட்டு ஜெயிலுக்குப் போன செய்தியும் நீங்க போட்டிருக்கீங்க. ஏன் அவ்ளோ தூரம் போறாங்கங்கிறதுக்கு பதில் அந்த மலைவரிசையிலதான் இருக்கு.

இத்தனைக்கும் உலகத்துல கடல் தரையில கால்வாசி அளவுதான் கப்பல்ல போயி சரியா அளந்திருக்கோம். மத்தது சாட்டிலைட் கணக்கு. பெரிய கடல்மலையோட ஈர்ப்பு சுத்தி இருக்கிற தண்ணியைத் தன் பக்கம் இழுக்கும், அதனால அதுக்கு மேல கடல் மட்டமே ஒண்ணு ரெண்டு மீட்டர் மேடா நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, சாட்டிலைட் ரேடாருக்குத் தெரியும். சின்ன மலைகள் அதுல தப்பிடும். 2005 ஜனவரியில அமெரிக்காவோட சான் பிரான்சிஸ்கோ அணு நீர்மூழ்கி குவாமுக்கு தெற்க இப்படி வரைபடத்துல இல்லாத கடல்மலையில முட்டி ஒரு மாலுமி இறந்துட்டாரு.

அதனால என் வேண்டுகோள் இதுதான். அந்த வரிக்கு மாணவர் பக்கத்துலயே ஒரு திருத்தம் போடுங்க, எரிமலை பெரும்பாலும் ஓரத்துல வரும், நடுவுலயும் வரும்னு. அடுத்த தடவை லட்சத்தீவோ சாகோஸோ செய்தியா வந்தா, தக்காணத்துல இருந்து ரீயூனியன் வரைக்கும் ஒரே மேப்பா போட்டு ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்துலயும் வயசை எழுதுங்க, அரைப்பக்கம் போதும். அஃபனாசி நிகிதின் பத்தி எழுதுறப்ப கோவாவுல இருக்கிற தேசிய கடலியல் நிறுவனத்து விஞ்ஞானிகள்கிட்ட நாலு கேள்வி கேட்டு போடுங்க, அவங்க இந்த மேடுகளைப் பல வருஷமா ஆராய்ஞ்சுட்டு இருக்காங்க. எங்க பிளஸ் ஒன் பசங்க சார்ட் பேப்பர்ல இந்த வரிசையை வயசோட வரைஞ்சு கிளாஸ்ல ஒட்டியிருக்காங்க, உங்க ஓவியருக்கு உதவுமுன்னா தகவல் சொல்லுங்க, ஸ்கேன் பண்ணி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்.